ஆனந்தா கலர்

எம்.சி. ரோட்டில் இரண்டாம் மாடி,
ஃபேன்சி சேலைப் பிரிவு.
பதினோரு வருஷமாக நின்றபடி
பிரித்துக் காட்டுகிறேன், மடித்து வைக்கிறேன்.

கர்ப்பப்பையை எடுத்த பன்னிரண்டாம் நாள்
சமையலறையில் காலடி ஈரம்.
லாரித் தண்ணீர் பிடித்த பச்சைக் குடத்தைத் தூக்கி
அடியைத் தடவிப் பார்த்தேன்.
குடம் நன்றாகத்தான் இருந்தது.

ஆறும்மா, புண்ணு ஆறணும்ல என்றார்கள் நர்சிங்ஹோமில்.
வயசானா எல்லாருக்கும் அப்படித்தான் என்றார்கள்.
எனக்கு நாற்பத்தொன்று.
இருமினால் வருவது, சிரித்தால் வருவது
எங்கள் சந்தில் பாதிப்பேருக்கு உண்டு.
இது வருவதில்லை,
போய்க்கொண்டே இருப்பது.
உட்கார்ந்தாலும் படுத்தாலும்
சாமி முன்னால் நின்றாலும்.
ஒண்ணுக்குப் போகணும் என்கிற நினைப்பே
எனக்கு மறந்துபோனது.

ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் விடும் தெருவில்
நாளுக்கு எட்டுத் துணி அலசினேன்.

தீபாவளி சீசன். லீவு கிடையாது.
யூனிஃபார்ம் சேலை வெளிர் ரோஸ்,
ஒரு சொட்டு பட்டாலும் காட்டிக்கொடுக்கும் ரோஸ்.
பழைய கைலியை நாலாக மடித்து
சேலை வந்த பாலிதீன் உறையை மேலே வைத்துக் கட்டுவேன்.
நடந்தால் சரசரக்கும்.
புதுச்சேலைச் சத்தம் என்று நினைத்திருப்பார்கள்.
பக்கத்து கவுண்டர் ஷம்ஷாத் எதுவும் கேட்கவில்லை.
நான் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருவாள்,
பிரித்த சேலை ஒன்றை அகலமாகப் பிடித்து
மடிக்கிற மாதிரி.

தேவராஜும் எதுவும் கேட்கவில்லை.
ஊதுபத்தி வாங்கி வந்தார்.
மறுநாள் பாயை மொட்டைமாடிக்கு எடுத்துப் போனார்.

குடித்தால்தானே போகும் என்று
தண்ணீரை நிறுத்திப் பார்த்தேன்.
தொடையெல்லாம் வெந்து, குளிர்ஜுரம் வந்து,
ஷம்ஷாத்தான் ஸ்டான்லிக்கு ஆட்டோ பிடித்தாள்.

சின்னப் பெண் டாக்டர்.
மூன்று பஞ்சை உள்ளே வரிசையாக வைத்து
டியூப் வழியாக மூத்திரப்பைக்குள் நீலத்தண்ணீர் ஏற்றி
பத்து நிமிஷம் நடந்துட்டு வாங்க என்றார்.
வார்டு வராந்தாவில் நடந்தேன்,
பரீட்சைத்தாள் திருத்தித் தரக் காத்திருப்பவள் மாதிரி.

முதலில் வெளியே வந்த பஞ்சு வெள்ளை.
நடுப்பஞ்சு
ஆனந்தா கலர்.

அவர் நீலம் என்றுதான் எழுதினார்.
எங்கள் ராக்கையில் நீலம் பதினேழு இருக்கிறது.
மயில்கழுத்து இல்லை, இங்க் இல்லை, நேவி இல்லை.
சுத்தமான ஆனந்தா.
முகூர்த்த சீசனில் கேட்டு வாங்குவார்கள்.
இரண்டு மாசமாக நான் சொன்னதை
யாரோ ஒருவர் நம்பிவிட்டார் என்று
படுத்தபடியே அழுதேன்.

மிளகளவு ஓட்டை.
கத்தரியா, தையலா, சூடு வைத்ததா என்று கேட்டேன்.
எதுன்னு சொல்ல முடியாதும்மா,
இந்த ஆபரேஷன்ல சில சமயம் ஆகும்.
ஆனா, ஆனதைச் சொல்லணும் என்றார்,
என்னைப் பார்க்காமல், ஃபைலைப் பார்த்து.

உள்சதை தேறட்டும் என்று காத்திருந்து
மாட்டுப்பொங்கல் கழிந்து தைத்தார்கள்.
இருபத்தொரு நாள் கட்டில் காலில் பை தொங்கியது.
எத்தனை மில்லி என்று நானே எழுதி வைத்தேன்,
ஸ்டாக் நோட்டில் எழுதுகிற கையெழுத்தில்.
பாவாடை காய்ந்தே கிடந்தது.
நம்பாமல், ராத்திரியில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

நேற்று கொருக்குப்பேட்டை கேட்டில்
ஷேர் ஆட்டோ நின்றுவிட்டது.
கூட்ஸ் வண்டி, நிலக்கரி, முடிவே இல்லாமல்.
அப்போதுதான் அடிவயிற்றில்
லேசாக முட்டியது.
என்ன இது என்று ஒரு நிமிஷம் புரியவில்லை.
அப்புறம் புரிந்தது.

அடக்கவே கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
இறங்கி ஓடினால் கட்டணக் கழிப்பறை நூறடி.
கொஞ்சநேரம் இருக்கட்டும் என்று
கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன்.
முப்பத்தெட்டு,
முப்பத்தொன்பது,
நாற்பதாவது பெட்டி போய்க்கொண்டிருந்தது.