பட்டியலில் இல்லாதது

எழுநூறு பக்கக் கையேட்டில்
ஆந்தை ஷெரிஃப்புக்கு ஒரு வரி உண்டு,
அவர் முகமூடிக்கு இல்லை.
ரொட்டிப் பொட்டலத்தோடு இனாமாய் வந்த அட்டை.
ரே ஹூடாக் அதைப் பீட்சா பெட்டியில் வைத்து
யங்ஸ்டவுன் கண்காட்சிக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்.
பிப்ரவரி. அவர் பூட்ஸிலிருந்து
உப்புத் தண்ணீர் என் மேசையடியில் வழிந்தது.

ஊதா விளக்கைக் காட்டினேன்.
ஒளிர்ந்தால் நேற்றைய காகிதம்; ஒளிரவில்லை.
லென்ஸில் மஞ்சள் புள்ளிகள்
கோடு தாண்டிச் சிதறியிருந்தன, நல்லது.
மோந்து பார்த்தேன்: நிலவறை, கொஞ்சம் பூனை.
ரப்பர் நாடா போய் ஷூ கயிறு.
உள்பக்கம், வாய் வரும் இடத்தில்,
யாரோ விட்ட மூச்சில் சாயம் ஊறியிருந்தது.

வெட்டாத அட்டை என்றால் யானை விலை.
வெட்டியது அடிமாட்டு விலை.
ஆனால் வெட்டாததை நானும் கண்டதில்லை,
கண்டவரையும் கண்டதில்லை.
உலகத்தில் ஒன்றே ஒன்று இருந்தால்
அதை எதன் பக்கத்தில் வைத்து
‘சுமார்’ என்பது?

இரண்டு பேருக்குப் போன் போட்டேன்.
டொலீடோ பல் டாக்டர் க்வென் ஆஸ்டர்ஹவுஸ்,
காமிக்ஸ் தொடமாட்டார், ஆந்தை எதுவானாலும் வாங்குவார்: நூற்று எண்பது.
ஈரியில் ரொட்டி விளம்பரம் சேர்க்கிற ஒருவர்: நூற்றுத் தொண்ணூறு.
மூன்றாவதாக ஒருவர் வரட்டும் என்று ஆசை.
ரேயிடம் நூற்று இருபது கொடுத்தேன்.
எண்ணினார், மறுபடி எண்ணினார்,
பீட்சா பெட்டியைத் திருப்பிக் கேட்டார்.

ஏப்ரலில் ஆக்ரனில் ஒரு பழைய பேக்கரியை இடித்தார்கள்.
சுவருக்குப் பின்னால் பலகைப் பெட்டி.
ஆயிரத்து நூறு முகமூடி,
வெட்டாதவை, வெயில் படாதவை,
எல்லாம் ஒரே முகத்தோடு.

டொலீடோ போனை எடுக்கவில்லை.
ஈரி எடுத்துச் சிரித்தது.

புதுப் பதிப்பில் இப்போது ஒரு வரி இருக்கிறது:
முகமூடி, ரொட்டி இனாம், நான்கு டாலர்.
வெட்டியது: மதிப்பில்லை.
தகவலுக்கு நன்றி என்று கடைசிப் பக்கத்தில் என் பெயர்,
ஓர் எழுத்துப் பிழையுடன்.

மே மாதக் கண்காட்சிக்கு ரே வந்தார்.
பழையதைத் திருப்பித் தரட்டுமா என்றேன், சும்மாவே.
வேண்டாம், அது தம்பியுடையது,
எனக்கு எப்போதும் முறை வராது என்றார்.
நான்கு டாலர் வைத்துப் புதிதாய் ஒன்று எடுத்தார்.
கத்திரிக்கோல் இருக்கிறதா?

இருந்தது.
முதல் கண்ணை அவர் வெட்டும்போது
நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.