நான்கு விரல் கனம்

மூன்றாம் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு
பாட்டின் நடுவில் இருந்தோம்.
கோயில் பின்வாசலில் வானொலிக் கருவி கரகரத்தது:
அக்கரையில் இவாலுவுக்கு வலி கண்டுவிட்டது,
எட்டாம் மாதம்தான்,
உபர்நாவிக்கில் புயல், ஹெலிகாப்டர் கிளம்பாது,
மருத்துவச்சி நடந்து வர முடியுமா?

மருத்துவச்சி நான்தான்.
ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சூரியன் போய் ஒரு மாதம்.
கடல் உறைந்து ஒன்பது நாள்.
படகு போகாது, நாய்வண்டியைத் தாங்காது,
ஒற்றை ஆள் போகலாம்.
போகலாம் என்றுதான்
சென்ற டிசம்பரில் எனோக்கும் சொன்னார்.
என் மாமியார் அந்தப் பெயரை
அறிந்தேதான் வைத்தாரோ:
நடந்துகொண்டிருந்தார்,
பிறகு காணப்படவில்லை.
கையுறை ஒன்று கிடைத்தது. இடது கை.

அதன்பின் நான் கடலில் கால் வைக்கவில்லை.
வாளித் தண்ணீரில் பனி ஏடு படிந்தால்கூட
விரலால் தொடமாட்டேன்,
கரண்டியால் தட்டுவேன்.

"பயப்படாதே" என்றானாம் தூதன்.
மூன்று வாரமாய் உபதேசியார் இதையே சொல்கிறார்.
தூதனுக்கென்ன, சிறகு இருக்கிறது.
இதை ஜெபத்திலேயே சொல்லியிருக்கிறேன்.
ஆண்டவர் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எனோக்கின் கடப்பாரையை எடுத்தேன்.
நுனியெல்லாம் துரு.

இரண்டு அடி, ஒரு குத்து.
இரண்டு அடி, ஒரு குத்து.
நான்கு விரல் கனம் இருந்தால் போ,
மூன்றென்றால் சுற்றிப் போ,
ஒரே குத்தில் தண்ணீர் வந்தால்
வந்த தடத்திலேயே திரும்பு.
விசுவாசி குத்திப் பார்ப்பாளா என்று கேட்பவர்
கரையில் நின்று கேட்கட்டும்.
நான் குத்திக் குத்தித்தான் நம்பினேன்.

உப்புப் பனி சட்டென்று உடையாது, முதலில் வளையும்.
நடுக்கடலில்
பாதத்தின் கீழ் அது வளைவது தெரிந்தது,
தூங்குகிறவரின் வயிறு போல.
நின்றுவிட்டேன்.
முழங்கால் சொன்னபடி கேட்கவில்லை.
மனப்பாடமான ஜெபமெல்லாம் எங்கோ போயிற்று.
வாயில் வந்தது இவ்வளவுதான்:
எனோக், இதில் எந்த இடம்?

பதில் இல்லை.
ஆனால் அக்கரை ஜன்னல் ஒன்றில்
சிவப்புக் காகித நட்சத்திரம்,
இந்த மாதம் எங்கள் ஊரில் எல்லா ஜன்னலிலும் தொங்குவதுதான்,
உள்ளே ஒரு சின்ன பல்பு,
அணைந்தது.
எரிந்தது.
அணைந்தது. எரிந்தது.
யாரோ சுவிட்சைத் தட்டிக்கொண்டே நிற்கிறார்கள்,
எனக்காக, விரல் வலிக்க.

இரண்டு அடி, ஒரு குத்து.

கதவைத் திறந்தவன் அக்காலு.
கண் சிவந்திருந்தது, சட்டைக் கையில் ரத்தம்.
"பிறந்துவிட்டது."
எப்போது?
"நீங்கள் நடுவில் அசையாமல் நின்றீர்களே, அப்போது.
சுவிட்சில் என் அம்மா இருந்தாள்."

சிரித்தேன். சுவரில் சாய்ந்து அழுதேன்.
பிறகு இரண்டையும் சேர்த்துச் செய்தேன்.
ஒரு பிடி அளவுப் பெண். இறால் நிறம்.
துணியை எடு, தோலோடு தோலாய்
நெஞ்சில் போடு என்றேன்.
எனக்கு மிச்சமிருந்த வேலை அதுதான்.

காத்திருக்கும் காலம் என்று
நான்கு மெழுகுவத்தியை வட்டமாய் வைத்து எண்ணுகிறோம்.
வருகிறவர் எண்ணுவதாகத் தெரியவில்லை.
நான் போய்ச் சேர்ந்தால்தான் என்று
கால் நடுங்க நின்ற நேரத்தில்
அந்த வீட்டுக்கு வந்துவிட்டிருந்தார்.

காப்பி தந்தார்கள்.
கோப்பை தட்டில் கிடுகிடுத்தது.
"இனிப் பயம் இல்லையே?" என்றாள் இவாலு.
ஏன் இல்லை?
வாசலில் கடப்பாரையோடு
சாய்ந்து நிற்கிறது.
திரும்புகையில் இரண்டையும் எடுத்துக்கொள்வேன்.

நுனித் துரு மட்டும்
வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.