பொறுப்பான ஒருவர்

படிவத்தின் ஏழாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது.
‘சிகிச்சைக்குப் பின் உங்களை வீட்டுக்கு அழைத்துச்செல்லும்
பொறுப்பான நபர். பெயர். உறவு. தொலைபேசி.’

காலையில் போய் மாலையில் திரும்பும் வைத்தியம்.
கட்டில் கிடையாது, இரவு கிடையாது.
ஆனால் தனியாக அனுப்பமாட்டார்கள்.
ஒரு நாள் முழுக்க
ஸ்டியரிங்கைத் தொடக்கூடாதாம்.

யாரிடம் சொல்கிறார்கள்?
கலாமாவிலிருந்து செப்புச் சுரங்கத்துக்கும்
சுரங்கத்திலிருந்து கலாமாவுக்கும்
பத்தொன்பது வருடமாக
நாற்பத்து நான்கு பேரை
வீடு சேர்ப்பவள் நான்.

அந்தச் சாலையில் கழிப்பறை இல்லை.
மரம் இல்லை, புதர் இல்லை,
ஒதுங்க ஒரு மேடுகூட இல்லை.
ஆண்கள் இறங்குவார்கள்,
சக்கரத்தைப் பார்த்து நிற்பார்கள், ஏறுவார்கள்.
நான் விடிகாலை நாலு மணியிலிருந்து
தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகினேன்.
உதட்டை மட்டும் நனைத்துக்கொள்வேன்.
மிச்சத்தை உடம்பு
உப்பளம்போல உள்ளே காயவைத்தது.

வலி வந்தது ஒரு சிவப்பு விளக்கில்.
பிரசவத்தோடு ஒப்பிடச் சொன்னார் டாக்டர்.
அது வெளியே வருவதற்காக வலித்தது,
இதற்கு எங்கும் போகிற உத்தேசமில்லை என்றேன்.
சிரித்தார். எனக்கு வரவில்லை.

முந்தின இரவிலிருந்து
தண்ணீரும் கூடாது என்றார்கள்.
அதில் எனக்கு நல்ல பயிற்சி.

ஏழாவது கேள்வி அப்படியே இருந்தது.
மகன் நாட்டின் மறுகோடியில், பனிக்காற்றில்.
கணவர் என்கிற கட்டத்தைக்
கோடு போட்டு அடித்துப் பல காலமாகிறது.
கடைசியில் எழுதினேன்:
ரிகோபெர்த்தோ அயாவிரே.
உறவு: அதே பேருந்து.

நான் இறங்கினால் அவன் ஏறுவான்.
இரண்டு வருடமாகப் பேச்சில்லை.
பன்னிரண்டாம் எண் வண்டியின் பக்கக் கண்ணாடி
யாரால் உடைந்தது என்பதில் தொடங்கியது.
சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போவான்.
ஆணியிலிருந்து நான் எடுத்துக்கொள்வேன்.

அடிமேல் அடி.
மூவாயிரம் அடி என்று பிறகு சொன்னாள் செவிலி.
பாதி மயக்கத்தில் கேட்டது:
யாரோ தொலைவில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள்.
ஷிப்ட் முடியப்போகிறது,
வண்டியைத் திருப்பி நிறுத்தவேண்டும் என்று
எழப்பார்த்தேனாம்.

விழித்தபோது
தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு
சீருடையோடு உட்கார்ந்திருந்தான்.
பார்சல் வாங்குகிற மாதிரி
கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான் என்னை.

மச்சானின் பழைய பிக்கப்.
மோசமாக ஓட்டுகிறான்.
ஒவ்வொரு திருப்பத்திலும் என் வலது கால்
ரப்பர் விரிப்பில் பிரேக் போட்டது.
பார்த்தான். ஒன்றும் சொல்லாமல்
வேகத்தைக் குறைத்தான்.
பெட்ரோல் நிலையத்தில் இறங்கி
இரண்டு பாட்டில் தண்ணீரோடு வந்தான்.
சந்திப்பில் நின்றபோது
“அந்தக் கண்ணாடி...” என்று ஆரம்பித்தான்.
“பச்சை விழுந்துவிட்டது, போ” என்றேன்.

கையில் ஒரு சல்லடை கொடுத்திருந்தார்கள்.
மூன்று நாள் என்னை நானே வடிகட்டினேன்.
முதலில் சிவப்பு,
பிறகு ஆறிப்போன தேநீர் நிறம்,
நான்காம் நாள் ஒன்பது துணுக்கு.
எள் அளவுகூட இல்லை.
விளக்கடியில் வைத்துப் பார்த்தேன்.
இதற்கா
வண்டி நிறைய ஆட்கள் பார்க்க
ஸ்டியரிங்கைக் கடித்தேன்?

திரும்பி வேலைக்குப் போன திங்கட்கிழமை
சாவி ஆணியில் இல்லை. அவன் கையில் இருந்தது.
“வந்ததா?” என்றான்.
“வந்தது.”
அவ்வளவுதான்.

நாளைக்கு மூன்று லிட்டர், டாக்டர் உத்தரவு.
முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில்
வண்டியை ஓரம் கட்டினேன்.
மைக்கை எடுத்தேன். பத்தொன்பது வருடத்தில்
வானிலை தவிர வேறெதுவும் அதில் சொன்னதில்லை.
“ஐந்து நிமிடம்.
எல்லோரும் இடப்பக்கம் பாருங்கள்.”

நாற்பத்து நான்கு ஹெல்மெட்டும் திரும்பின.
தூங்கிக்கொண்டிருந்த ஒருவனையும்
தட்டி எழுப்பித் திருப்பிவிட்டார்கள்.
இடப்பக்கம் பார்க்க ஒன்றுமில்லை,
பழகிப்போன அதே எரிமலை.

வலப்பக்கக் கதவைத் திறந்து இறங்கினேன்.
பாலைவனம் முழுவதும்
எனக்கு.