ஒற்றை விசில்

பாலாற்றுப் பாலத்தின் நடுவில்
ஸ்டாப் எதுவும் கிடையாது.
பதினாறு வருஷமாக அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.
அங்கேதான் முனிரத்தினம்
ஒற்றை விசில் அடித்தான்.

பின்னால் லாரி, அதன் பின்னால் ஆம்புலன்ஸ்.
"எவன்யா இங்க எறங்குறது?" என்று கத்தினேன்.
இறங்கியது கண்டக்டர்.
தோளில் பையோடு, யாருக்கோ தரவேண்டிய மூன்று ரூபாயோடு
கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டான்.
கீழே தண்ணீர் இல்லை, மணல்.
மூழ்குகிறவன் மாதிரி மூச்சை இழுத்தான்.

ஈசிஜி சுத்தம். ரத்தம் சுத்தம்.
டெப்போவில் ஆளுக்கொரு வைத்தியம்:
தாயத்து கட்டு,
குடியை விடு (அவன் குடித்ததே இல்லை),
ஒரு நடை திருப்பதி போய்ட்டு வா.
தெருமுனை மாவு மில்லுக்கே
அவனால் போக முடியவில்லை.
கொசப்பேட்டையில் எட்டு மாதம்,
ஓர் அறை, பாதி திறந்த ஜன்னல்.
ஷூ கம்பெனி வேனுக்கு ஓடுமுன் சுலோச்சனா
சோற்றை மூடிவைப்பாள். கதவைப் பூட்டாமல் போவாள்.
பூட்டிவிட்டால் தேவலை என்பானாம்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் கையைப் பிடித்து இழுத்தேன்.
"ஆம்பளதானே நீ?"
மாவு மில் வரைக்கும் வந்தான்,
வாந்தி எடுத்தான்.
பிறகு மூன்று வாரம்
என் செருப்புச் சத்தம் கேட்டாலே
அந்தக் கதவு சாத்திக்கொண்டது.

பாகாயத்து டாக்டரம்மா
அவனோடு வாரம் ஒருமுறை போனில் பேசுவார்.
என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார்:
"பஸ்ல யாரு சொன்னா வண்டி நகரும்?"

அன்று சாயங்காலம்
ஆணியில் தொங்கிய பையைத் துழாவி
விசிலை எடுத்து அவன் கையில் வைத்தேன்.
இரண்டு அடித்தால் நடப்பேன்.
ஒன்று அடித்தால் நிற்பேன்.
எதற்கு என்று கேட்க மாட்டேன்.
அன்றைக்குப் பாலத்தில் கேட்டது போதும்.

முதல் ஸ்டேஜ், வாசற்படி. அதற்கே நாலு நாள்.
அடுத்தது கார்ப்பரேஷன் குழாய்.
அதற்கடுத்து இஸ்திரி வண்டி.
கபாலி பேச்சே இல்லாமல்
தன் ஸ்டூலை எங்கள் பக்கம் தள்ளிவைத்தார்.
ஒற்றை விசில் வந்தால்
அதே இடத்தில் நிற்போம்.
படபடப்பு ஏறும், ஏறிக்கொண்டே இருக்கும்,
பிறகு பால் பொங்கி அடங்குகிற மாதிரி
எப்போதென்று தெரியாமல் தணியும்.
"ஒண்ணும் ஆகாதுடா" என்று சொல்ல நாக்கு துடிக்கும்.
சொல்ல மாட்டேன்.
அவனுக்கு ஆகிக்கொண்டிருக்கிறது.

கத்திரி வெயிலில் எல்லாம் போனது.
ஒரு தண்ணீர் லாரி, ஒரே ஒரு ஹாரன்.
மறுபடி வாசற்படி.
அவனிடம் முகம் காட்டவில்லை,
என் வீட்டுக்குப் போய்த் தட்டை வீசினேன்.

புதுக் கண்டக்டர் நல்ல பையன்தான்.
இருந்தாலும் பாலம் ஏறும்போது
ஸ்டீயரிங்கில் என் உள்ளங்கை வழுக்குகிறது,
கண்ணாடியில் பழைய முகத்தைத் தேடுகிறேன்.
முனிரத்தினத்திடம் இதைச் சொன்னேன்.
எட்டு மாதமோ ஒன்பது மாதமோ கழித்துச் சிரித்தான்.
"உனக்கு யாருடா விசில் அடிக்கிறது?"

இன்று ஐப்பசி.
ஆற்றில் ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர்.
பாலத்தில் நாலாவது விளக்குக் கம்பம்.
ஒற்றை விசில். நிற்கிறோம்.
அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது.
எனக்கு முழங்கால் வலி.

காட்பாடி வண்டி ஒன்று உரசிக்கொண்டு போகிறது,
படியில் நிற்பவன் இரட்டை விசில் அடிக்கிறான்.
பழக்க தோஷம், என் கால் எழுகிறது.
முனிரத்தினம் என் சட்டையைப் பிடிக்கிறான்:
"அது வேற வண்டி."

காலை இறக்கிக்கொள்கிறேன்.
முன்னால் காட்பாடி, பின்னால் வீடு.
எந்தப் பக்கம் என்று அவன் இன்னும் சொல்லவில்லை.
எந்தப் பக்கம் போவதற்கும்
இரண்டு விசில்தான்.