தாபரிப்பு வழக்கு, புதுக்கடை

பதினான்கு மாதப் பாக்கி.
நீதவானுக்கு ஒரு வரி போதும்:
பணம் கட்டும்வரை கடவுச்சீட்டு இங்கே.

ரெஜினோல்ட் சேட்டுப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.
பதிவாளர் புரட்டுகிறார்.
தோகா, தோகா, ஒரு தடவை மாலே.
படத்திலுள்ள நீலச் சேட்டை
நான்தான் அயன் பண்ணினேன்,
கொட்டாஞ்சேனையில் கரண்ட் இல்லாத காலையில்
சிரட்டைக்கரிப் பெட்டி இரவல் வாங்கி.

இரும்பு அலுமாரி திறந்தது.
துண்டுச்சீட்டு குத்திய மற்றவர்கள் உள்ளே:
காசோலை திரும்பியவர்,
கொலை வழக்கில் பிணை வாங்கியவர்,
கூட்டத்தில் ஏதோ பேசிவிட்ட மாணவி ஒருத்தி.
எல்லோருக்கும் ஒரே ரப்பர் பட்டி.
அந்தக் கட்டுக்குள் அவனையும் செருகினார்கள்.

படியிறங்கும்போது கேட்டான்,
"இப்ப சந்தோசமா?"

மகளின் சப்பாத்து அளவைச் சொன்னேன்.
பன்னிரண்டு.
நீங்க போகக்குள்ள ஒன்பது.