அறுபதாவது அட்டை

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி. எண்ணத் தொடங்கினால்
நாற்பது பெட்டிக்குக் குறையாது.
ஜெனிட்டா ஸ்கூட்டரை அணைத்துவிட்டு
மோர் வாங்கப் போனாள்.
அந்த இடைவெளியில் பையைத் திறந்து
ஓர் அட்டையை எடுத்தேன்,
ஓர் அட்டையை வைத்தேன்.

எடுத்தது ஏழுதலைத் திமிங்கிலம்.
தங்கப் பூச்சு. சாய்த்தால்
பதினாலு கண்ணும் மின்னும்.
என் சம்பளத்தில் கால்வாசி.
வைத்தது நங்கூரம்.
மூன்று ரூபாய். கழிவு டப்பாவுக்குள்
மூலை மழுங்கிக் கிடந்தது.

மூன்று மாதம், இரவு பத்துக்கு மேல்,
மருந்துக்கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
இருமல் டானிக் பெட்டிகளைச் சீட்டுச் சீட்டாக வெட்டி
பால்பேனாவில் பெயரெழுதி ஆடிப் பார்த்தோம்.
காசு கொடுத்து வாங்குமுன்
ஓசியில் தோற்றுப் பார்த்துவிடணும்
என்பாள் ஜெனிட்டா.
காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் கணக்கெழுதுகிறவள்.
எத்தனை பார் ஏறியது, எத்தனை உருகியது,
நோட்டைப் பார்க்காமல் சொல்வாள்.
என் கட்டையும் அப்படித்தான் சொல்வாள்:
அலை இருபத்திரண்டு, வெடிமீன் நாலு,
சுறாக்குட்டி எட்டு,
அப்புறம் உன் வீண் ஜம்பம் ஒண்ணு.

பிடித்ததையெல்லாம் சேர்ப்பதுதான் கட்டு என்று
போன வருடம் நினைத்திருந்தேன்.
எழுபத்தொன்று வந்தது.
ஒவ்வொன்றாய்க் கழிக்கும்போது
ஆள் அனுப்புகிற முதலாளிபோல
முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
திமிங்கிலத்தை மட்டும் தொடவில்லை.
அது இறங்க எட்டு அலை வேண்டும்.
எட்டாவது அலை வரும்வரை
எதிரே இருப்பவன் என்ன
பொரி தின்றுகொண்டா இருப்பான்?

பெரம்பூரில், மொபைல் கடைக்கு மேல்மாடி.
முப்பத்திரண்டு பேர். அதில் முப்பது பையன்கள்.
ஒரே ஏசி, அதுவும் சொட்டுகிறது,
அடியில் பெயிண்ட் வாளி.
நடுவர் எங்களையும் ப்ரோ என்றான்.

இரண்டாம் சுற்றில் ஓர் ஆட்டம்
கையில் ஏழு மீன், ஓர் அலை இல்லை.
லாரித் தண்ணிக்குக் குடம் வரிசை போட்ட தெருபோல
உட்கார்ந்தே தோற்றேன்.
அடுத்த இரண்டையும் பிடித்தேன், எப்படியென்று தெரியாது.
கால் இறுதியில் ஒரு பள்ளிக்கூடப் பையன்,
என் ஒவ்வொரு அட்டைக்கும்
விலை சொல்லிக்கொண்டே தோற்றான்.

இறுதி மேஜை.
எதிர் நாற்காலியை இழுத்துப்போட்டு
ஜெனிட்டா உட்கார்ந்தாள்.
இருவருக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டோம்.

ஒன்றுக்கு ஒன்று. மூன்றாவது ஆட்டம்.
அவளுடைய கலங்கரைப் பூதம் எழுந்து நிற்கிறது.
அதை நிறுத்த என்னிடம் எதுவும் இல்லையென்று
அவளுக்குத் தெரியும்.
உருகின பாரை எண்ணுவதுபோல எண்ணியிருந்தாள்.
“வுட்டுடு நஸீ” என்றாள், மெதுவாக,
வலிக்காமல் ஊசி போடுகிறவள்போல.

நங்கூரத்தை வைத்தேன்.

அட்டையைப் பார்த்தாள்.
வெகுநேரம் அட்டையை மட்டும் பார்த்தாள்.
வாளியில் ஒரு சொட்டு விழுந்தது.
நங்கூரம் பூதத்தை ஒரு முறைதான் பிடித்து வைக்கும்.
நாலு வெடிமீனுக்கு ஒரு முறை போதும்.

நாலாயிரம் ரூபாய், ஒரு பெட்டி புதுப் பொட்டலம்.
போட்டோவில் அவள்தான் நன்றாகச் சிரித்திருக்கிறாள்.

திரும்பும்போதும் கேட் மூடியிருந்தது.
“எப்ப மாத்துன?”
“இங்கதான். கேட்டாண்ட.”
“நான் மோருக்குப் போனப்பவா?”
“ம்.”
பெட்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
இந்தமுறை இருவருமே எண்ணவில்லை.

கட்டைக் கேட்டாள். கொடுத்தேன்.
ஸ்கூட்டர் சீட்டில் வைத்து
வழக்கம்போல ஏழுதரம் கலைத்து, வெட்டி,
மேலே வந்த ஒன்றை எடுத்து
சிக்னல் வெளிச்சத்தில் தனக்கு மட்டும் திருப்பிப் பார்த்தாள்.
பிறகு நடுவில் எங்கோ சொருகிவிட்டாள்.

கேட் தூக்கியாயிற்று.
பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை விடவில்லை.
“ஏறு” என்றாள்.