திங்கட்கிழமை அறிக்கை

எட்டு நாற்பது ரயிலில் இது நியூயார்க் போக வேண்டும்.
ஸ்க்ரான்டன், ஓரியன் தியேட்டர், மதியக் காட்சி.
வெளியே கரித்தூள் கலந்த பனி.
எட்டாவது வரிசை, ஓரத்து இருக்கை,
ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் பென்சில்:
பன்னிரண்டு வருடமாக இப்படித்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஃபியோரெல்லி மூவர். குட்டிக்கரணம். ஒன்பது நிமிடம்.
மூவரில் ஒருவர் கணுக்கால் சுளுக்கி பஃபலோவில் தங்கிவிட்டார்.
மற்ற இருவரும் அவருக்கென்று ஓர் இடம் விட்டே தாவுகிறார்கள்.
அதையும் வித்தை என்று நினைத்துச் சனங்கள் கைதட்டினார்கள்.
போதும்.

டெலாகோர்ட் சகோதரிகள். பாட்டு. பதின்மூன்று.
சகோதரிகள் அல்ல. இந்த வாரம் சிநேகிதிகளும் அல்ல.
குரல்கள் மட்டும் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கின்றன.

பேராசிரியர் பெம்பர், பேசும் பொம்மையுடன்.
பொம்மையின் உதடு அசைகிறது, அவருடையதும் அசைகிறது,
முன்வரிசைக் கிழவர் ஒருவரின் உதடும் அசைந்தது:
போன வருடத்துத் துணுக்குகள், அவருக்கு மனப்பாடம்.
பொம்மைக்குச் சம்பளம் கூட்டலாம்.

பார்னி க்வில். தனிப்பேச்சு. பதினேழு நிமிடம்,
அதில் நான்கு நிமிடம் அமைதி.
சுரங்கத்துக்குள் மாமியாரை இறக்கிவிட்ட கதை.
வில்க்ஸ்-பேரியில் கூரை பிய்த்துக்கொண்டு போனதாம்.
இங்கே பதினோரு நாளுக்கு முன்னால்தான்
மூன்றாம் குழியிலிருந்து ஆட்களை மேலே கொண்டுவந்தார்கள்.
பால்கனியில் ஒருவரும் இருமவில்லை.
அந்த நெஞ்சுகள் இருமாமல் இருப்பதென்றால் என்னவென்று
க்வில்லுக்கு யார் சொல்வது?
நீல உறையில் சீட்டு அனுப்பினேன்: மாமியாரை எடுத்துவிடவும்.
வந்து கேட்கிறான், 'மனைவியைப் போடட்டுமா?'

மிஸ் கோரலி வான். சுவரொட்டியில் பெரிய எழுத்து.
இருபத்திரண்டு நிமிடம், மூன்று கவுன், ஒரு கிளி.
கிளி நன்றாக இருந்தது.

கடைசி: ஒட்டிலி க்ராஃப். நாற்காலி அடுக்கு.
கடைசி உருப்படியின் வேலை உங்களுக்குத் தெரியும்.
அரங்கைக் காலி செய்வது.
தொப்பியைத் தேடுவார்கள், குழந்தையை எழுப்புவார்கள்.
நானும் எழுந்துவிடுவேன்.
நான்கு சீசனாக இவளைப் பற்றித் 'திருப்தி' என்று எழுதியது
கல்லாப் பெட்டியருகே சில்லறை எண்ணிக்கொண்டு.

இன்று கால் மரத்துவிட்டது.
பாதத்திலிருந்து முட்டி வரை எறும்பு.
எழ முடியாததால் பார்த்தேன்.

மேஜை. மேல் ஒரு நாற்காலி, சாய்வாக, இரண்டு காலில்.
அதன்மேல் இன்னொன்று.
துணி மடித்து வைக்கிறவள் மாதிரி, அவசரமே இல்லை.
ஐந்தாவதில் ஏறி உட்கார்ந்து, பாவாடையைச் சரிசெய்து,
ஒரு கோப்பை காப்பி குடித்தாள்.
நிஜக் காப்பி. ஆவி வந்தது.
அந்த உயரத்திலிருந்து அவளுக்குத் தெரிவது
முதுகுகள், கோட்டுக்குள் துழாவும் கைகள்.
தினம் இரண்டு வேளை
முதுகுகளைப் பார்த்தே குடித்துப் பழகிய காப்பி.

அப்புறம் என்னைப் பார்த்தாள்.

ஐந்து நாற்காலியும் நடுங்கின.
டிரம் அடிப்பவன் செய்தித்தாளைத் தாழ்த்தினான்.
ஒரு துளி காப்பி, அத்தனை உயரத்திலிருந்து,
மேடைப் பலகையில் விழுந்தது.
பிறகு எல்லாம் நின்றது. இறங்கினாள்.
யாருக்கென்று தீர்மானிக்காமல் குனிந்து வணங்கினாள்.

'திருப்தி' என்று தட்டச்சு செய்தேன்.
அதன்மேல் எக்ஸ் எக்ஸாக அடித்தேன்.
நான்காவது இடத்துக்கு மாற்றலாம் என்று எழுதப்போய்
நிறுத்தினேன்: ஒரு முகத்துக்கே இப்படி.
எண்ணூறு முகம் என்றால் அந்தக் கோப்பை என்ன ஆகும்?
மாற்றாமல் விட்டால் அந்த முதுகுகள்.
இதற்கு உங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

கீழே பையன் உறைக்காகக் காத்திருக்கிறான்,
பனியில் கால் மாற்றி மாற்றி.

ஒட்டிலி க்ராஃப். பதினோரு நிமிடம்.
நாற்காலி ஒருமுறை ஆடியது.
தவறு அவளுடையதல்ல.